இரண்டாவது கொட்டேஷன்

மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருப்பவர்களை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம். முதல் கொட்டேஷன், இரண்டாவது கொட்டேஷன், மூன்றாவது கொட்டேஷன். நான் இரண்டாவது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கம்பெனி எந்த வேலையையாவது வெளியாளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், மூன்று பேரிடம் விலை கேட்டதாக ஆடிட்டருக்குக் காட்ட வேண்டும். வேலை யாருக்கு என்பது முன்னாலேயே டீக்கடையில் முடிவாகியிருக்கும். வேலை கிடைக்கப்போகிற ஆளே தன்னுடைய கொட்டேஷனோடு, தெரிந்தவர்களின் லெட்டர்பேடில் இன்னும் இரண்டை வாங்கிவந்து சேர்த்துக் கொடுத்துவிடுவார். அந்த இரண்டிலும் விலை கொஞ்சம் ஏற்றிப் போட்டிருக்கும். கொடுப்பவர், வாங்குபவர், பார்க்கிற ஆடிட்டர் எல்லோருக்கும் இது தெரியும். ஏமாறுவதற்கு அங்கே ஆளே கிடையாது.

என்னிடம் லெட்டர்பேட் கேட்டு வருகிறவன் அருண்ராஜ். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் கடை அவனுடையது. என்னுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பக்கம் தையல் கடையும் மறுபக்கம் கோழிக்கடையுமாக இருக்கிறது. "ரெண்டாவது கொட்டேஷன் ஒண்ணு குடு பிரியா, வேலை நமக்குத்தான்" என்பான். அந்த 'நமக்கு'க்கு அர்த்தம், ஆர்டர் அவன் பெயரில் இருக்கும், ஏணியில் ஏறுவது நானாக இருக்கும். மாசம் பிறந்தால் எனக்கு உண்டானதை ஒழுங்காகக் கொடுத்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

அப்படி நான் எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த வேலை ராமசாமி கம்பெனியுடையது. ராமசாமி, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்புகிற காண்ட்ராக்டர். ஷிப்டுக்குப் போகும் முன்னால் ஆட்கள் விரல் வைத்து வருகையைப் பதிவு செய்வதற்கு நான்கு இடங்களில் ஷெட் போட்டிருந்தார். ஒவ்வொரு ஷெட்டிலும் அந்த விரல் மெஷின்களின் ஒயர்களெல்லாம் வந்து சேருகிற இரும்புப் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் விழுகிற விரலை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அது படுத்துவிட்டால் விரல் விழாது. விரல் விழாவிட்டால் அந்த ஆள் அன்றைக்கு வரவேயில்லை என்று கணக்கு. வெயிலில் நின்று முதுகு ஒடிய மண் வாரியிருந்தாலும் வரவில்லைதான். என் கணவர் தமிழ்மாறனும் அந்த வரிசையில் நிற்கிறவர்.

நிலக்கரித் தூளையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் சுமந்துவந்து, கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைக் கருப்பாக்கித் தருகிற காற்று எங்கள் ஊர்க் காற்று. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விசிறி அதைத்தான் இருபத்துநாலு மணி நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். மாசம் ஒருமுறை திறந்து பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டால் பெட்டி பத்து வருஷம் ஓடும். துடைக்காவிட்டால் சூடேறிக் கண்ணை மூடிவிடும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆள் போக வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டு செல்லாது என்று அறிவித்ததற்கு அடுத்த வருஷம், பெட்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி கைகழுவி விட்டது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம், இனிமேல் பராமரிக்க மாட்டார்களாம், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். "ஓடற வண்டிய எதுக்குய்யா எடைக்குப் போடணும்?" என்று ராமசாமி கேட்டாராம். அந்த மனிதர் சொன்னதில் நான் முழு மனசோடு ஒத்துக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான். அதுவரைக்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பராமரிப்பு என்று பெயருக்கு ஒன்று இருந்தது, அதன் உள்ளூர் ஆளாக அருண்ராஜ் இருந்தான். இனி முழுக்க முழுக்க வெளியாள்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாகப் புது ஆர்டர், புதிதாக மூன்று கொட்டேஷன்.

கம்பெனி கைவிட்ட பழைய பெட்டிகளுக்கு வெளியாளைத் தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மாற்றுப் பெட்டி உன் கையில் இருக்கிறதா, இல்லை சென்னையில் இருக்கிறதா? கூப்பிட்டால் வருகிற ஆள் யார், எங்கே குடியிருக்கிறார்? நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடலில் செத்துப்போன பெட்டிகளைத் தேடி வாங்கி, விசிறியையும் பவர் சப்ளையையும் கழற்றிக் கடைப் பரணில் அடுக்கி வைத்திருந்தேன். பதில் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

அருண்ராஜ் வந்து வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பிரியா, ராமசாமி மாமா கம்பெனிக்கு ஒண்ணு குடு. கொஞ்சம் நல்லாவே ஏத்திப் போடு."

"இந்தத் தடவ என் பேருல எடுத்துக் குடேன் அருண்," என்றேன்.

சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுரங்க டவுன்ஷிப்பில் வருகிற டெண்டர் எதையெடுத்தாலும் முதல் கேள்வி, இதே மாதிரி வேலையை உங்கள் பெயரில் செய்திருக்கிறீர்களா என்பதுதான். பேங்கில் லோன் கேட்டாலும் அதே கேள்வி. எட்டு வருஷமாக நான்கு ஷெட்டும் என் கையில்தான் ஓடியது. ஆனால் காகிதத்தில் பார்த்தால் நான் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. என் பெயரில் ஒரே ஒரு ஆர்டர் கிடைத்துவிட்டால் போதும், அதைக் காட்டி அடுத்ததுக்கு நானே போய் நிற்பேன். ராத்திரி படுத்தால் அந்த ஒரு ஆர்டர்தான் எனக்குக் கனவு. மற்றவர்களுக்கு நகை, மனை என்று வரும் போலிருக்கிறது.

"உன் பேருக்கு யாரு குடுப்பாங்க சொல்லு?" என்றான் அருண்ராஜ். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டான். "நான் நிக்கறேன்னுதான் குடுக்கறாங்க. உனக்கு வேலை வருதா இல்லையா?"

வருகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டு கொட்டேஷனை அடித்துக் கொடுத்தேன். நன்றாகவே ஏற்றிப் போட்டேன், அந்தக் கோபத்தில்.

ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான்.

"ஒரு சின்னச் சிக்கல் ஆயிடுச்சு பிரியா."

"இன்னா?"

"மாமா வூட்ல பூப்போட்டுப் பாத்துட்டாங்க."

ராமசாமியின் மனைவி கஸ்தூரியம்மாளுக்கு அம்மனைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது. போர் போடுவதென்றாலும், பெண்ணுக்கு வரன் பார்ப்பதென்றாலும், லாரிக்கு என்ன கலர் அடிப்பதென்றாலும் பூப்போட்டுப் பார்ப்பார். காகிதப் பொட்டலங்களில் ஆளுக்கொரு பூவாக மடித்து அம்மன் படத்தின் முன்னால் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். புது ஆளை வைக்கிறோமே, மெஷின் சமாச்சாரமாயிற்றே என்று இந்த மூன்று கொட்டேஷனுக்கும் அப்படிச் செய்திருக்கிறார். அருண்ராஜுக்குச் செவ்வரளி. பண்ருட்டிக்காரர் ஒருவர் பெயருக்குக் கொடுத்திருந்த மூன்றாவதுக்குச் சாமந்தி. எனக்கு நந்தியாவட்டை.

வெள்ளைப் பூ வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தேன். கோழிக்கடை அமிர்தம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இருப்பதிலேயே விலை அதிகமான கொட்டேஷனை அம்மன் எடுத்துவிட்டாள்.

"சிரிக்காத," என்றான். "நீயே ஒரு போன் போட்டு, இவ்ளோ பெரிய வேலைக்கு எங்கிட்ட ஆள் இல்ல, விலகிக்கிறேன்னு சொல்லிடு. மாமாவுக்கும் அதான் சௌகரியம்."

"சொல்ல மாட்டேன்."

"பிரியா."

"நான் உங்கிட்ட கேட்டேன், நீ குடுக்கல. அம்மன் குடுத்துட்டா. நீ போய் அவகிட்ட சண்ட போட்டுக்கோ."

இதைச் சொல்லும்போது எனக்கு அம்மன் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. மூன்று பொட்டலத்தில் ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் நந்தியாவட்டைச் செடி இருக்கிற வீட்டைத் தாண்டும்போது நின்று பார்த்தேன். மனசு அப்படித்தான், வெட்கமே கிடையாது.

ராமசாமி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான். தமிழ்மாறன் அன்று இரண்டாவது ஷிப்ட்; பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "பொறுமையா பேசு. கோவத்த வூட்லயே வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராமசாமி என்னைப் பார்த்ததும், "அட, நீ அருண்ராஜு அனுப்பற பொண்ணு இல்ல?" என்றார்.

"ஷெட் வேலைக்கு வருவேங்க. கடை என்னோடதுங்க."

"சரி சரி. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினு குடுத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நானும் டெண்டர்லயே வளந்தவன்தான்." கோபம் எதுவும் இல்லை அவர் பேச்சில். காபி கொண்டுவரச் சொன்னார். பேப்பர் கப்பில் வந்தது. அவருக்கு டம்ளரில் வந்தது. "எந்தூரும்மா நீ?"

"வளையமாதேவிங்க. கட்டிக்கினது இங்க."

"வளையமாதேவியா? நம்ம ஜனம் நெறைய பேரு இருக்காங்களே. யாரு வூட்டுப் பொண்ணு?"

"வைத்திலிங்கம் பொண்ணுங்க."

"எந்த வைத்திலிங்கம்? ஊர்ல எங்க இருக்காரு?"

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வதற்குள் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இத்தனை வயசாகியும்.

"காலனிங்க," என்றேன்.

"ம்," என்றார் ராமசாமி. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு உள்ளே பார்த்து, "கஸ்தூரி! ஒரு தபா போட்டா பத்தாதும்மா. இன்னொரு தபா போட்டுப் பாத்துடலாம் வா," என்றார்.

ஆபீசை ஒட்டிய சின்ன அறையில் அம்மன் படம். அங்காளம்மன்தான். எங்கள் காலனியிலும் அதே அம்மன்தான், கோயில்தான் வேறே. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலில் நின்றேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இதெல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இந்தத் தடவை ராமசாமியே பொட்டலங்களை மடித்துக் குலுக்கினார். கஸ்தூரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தார்கள்.

வெள்ளை.

கஸ்தூரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராமசாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மூணு தபா போடறதுதான் மொறை," என்று பொட்டலங்களைத் திரும்ப மடித்தார். இந்த முறை நன்றாக, மாவு சலிப்பதுபோல, உள்ளங்கைக்குள் வைத்து வெகுநேரம் குலுக்கினார்.

"திரும்பத் திரும்பக் கேட்டா அவளுக்கே அலுத்துடும்ங்க," என்றார் கஸ்தூரியம்மாள்.

"எடு."

எடுத்தார். நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே, அதெல்லாம் பொட்டலத்தைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும்தான். எடுக்கும்போது, தாயே, தாயே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவையும் நந்தியாவட்டைதான்.

கஸ்தூரியம்மாள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தார். ராமசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கல்யாணம் காட்சின்னா அம்மன் சொல்லலாம். போர் போட எடம் சொல்லலாம். இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்துல அவளுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

"அப்ப எதுக்குங்க கேட்டீங்க?" என்றார் கஸ்தூரியம்மாள்.

"நீ கேக்கச் சொன்ன, கேட்டேன்." என் பக்கம் திரும்பி, "அருண்ராஜு நம்ம பையன். வேலை எப்பிடியும் உனக்குத்தான் தரப் போறான். பேருல இன்னாம்மா இருக்கு? போயிட்டு வா," என்றார்.

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. கை தன் பாட்டுக்குக் குவிந்துகொண்டது.

அருண்ராஜ் அன்று சாயங்காலமே போன் செய்து, "பாத்தியா, கடைசில நமக்குத்தான் வந்துச்சு," என்றான். இனிமேல் ஷெட் பக்கம் வர மாட்டேன், லெட்டர்பேடும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கத்துவதற்குத் தெம்பு வேண்டுமே. அவன் கொஞ்ச நேரம் சமாதானம் பேசினான், பிறகு, உன் இஷ்டம், கடலூரில் ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள் என்றான். கூப்பிட்டால் வருவார்கள்தான். கூப்பிடாமலும் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தக் கடலூர் ஆட்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

கையில் வேலை குறைந்துவிட்டது. பிரிண்டருக்கு மை நிரப்பினேன், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். சோறு போடும்போது தமிழ்மாறன், "ஷெட்ல பொட்டி சத்தம் ஒரு மாதிரி வருது பிரியா," என்றார் ஒரு நாள். எனக்குக் காது கேட்காத மாதிரி ரசத்தை ஊற்றினேன். இன்னொரு நாளும் சொன்னார்.

தை பிறந்து கொஞ்ச நாளில், முதல் ஷிப்டுக்கு ஆள் ஏறுகிற நேரம், வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது, தமிழ்மாறன் போன் செய்தார்.

"பொட்டி அணைஞ்சு போச்சு. ஒரு மெஷின்லயும் வெரல் வுழல. ஆளுங்கல்லாம் நின்னுகினு இருக்காங்க."

"அருண்ராஜுக்குப் போன் போடச் சொல்லுங்க."

"போட்டாச்சு. கடலூர்லருந்து ஆள் கெளம்பிட்டானாம். அவன் வர்றதுக்குள்ள ஷிப்ட் பாதி போயிடும். சூப்பர்வைசர் தங்கராசு, மெஷின்ல இல்லன்னா ஆள் இல்லன்றாரு." குரலைத் தணித்துக்கொண்டார். "நம்ம தெரு ஆளுங்களே பாதிப் பேரு பிரியா."

நான் யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தேன்? ராமசாமிக்கு அன்று ஒரு நஷ்டமும் இல்லை, அந்தக் கூலி மிச்சம். அருண்ராஜ் போர்வைக்குள்ளிருந்து போன் பேசியிருப்பான். மாட்டிக்கொண்டது வரிசையில் நின்றவர்கள்தான். கடையைத் திறந்து, பரணிலிருந்து ஒரு விசிறியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

ஷெட்டுக்குள் நுழையும்போதே பேச்சு காதில் விழுந்தது. பூப்போட்ட கதை ஊருக்கே தெரிந்திருந்தது. கஸ்தூரியம்மாள் கோயிலில் சொல்லி அழுதாராம். "மூணு தபாவும் வெள்ளப் பூவாம்பா. அம்மன் சொல்லியும் கேக்கல. அதான் அணைச்சுட்டா," என்று வரிசையில் நின்ற ஒருவர் சொல்ல, இன்னொருவர் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வழி விட்டார்கள். எப்போதும் விடுகிற வழி மாதிரி இல்லை, சாமி வந்த பெண்ணுக்கு விடுவது மாதிரி ஒதுங்கினார்கள்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே சாம்பலும் கரித்தூளும் அடை அடையாக அப்பியிருந்தது. விசிறி இறுகி நின்றுபோயிருந்தது. நான் வராமல் நின்றதிலிருந்து அதை ஒருத்தரும் திறக்கவில்லை. பிரஷால் தள்ளி, புளோயர் வைத்து ஊதி, விசிறியை மாற்றி, ஆறவிட்டுக் கரண்டைப் போட்டேன். ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு எரிந்தது. முதல் ஆள் விரல் வைத்தார். மெஷின் 'டிங்' என்றது. வரிசை முழுக்க ஒரு சத்தம் போட்டது, தேர் நகரும்போது போடுவார்களே, அது மாதிரி.

அந்த நேரம் ராமசாமியின் கார் வந்து நின்றது. கூடவே கஸ்தூரியம்மாள். கையில் தேங்காய் பழத் தட்டு. ராமசாமி சட்டை பட்டனை ஒன்று தவறி மாட்டியிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"நீ வந்து தொட்டதும் எரிஞ்சுதாம்மா?"

"ஆமாங்க."

"நான்தான் சொன்னேனே," என்றார் கஸ்தூரியம்மாள். அழுதிருந்தார். "அவ சொன்னத மீறினோம். வூட்ல பொண்ணு முழுகாம இருக்கா. இன்னும் இன்னா இன்னா ஆகப் போவுதோ."

ராமசாமி எல்லோர் முன்னாலும் சொன்னார். "தப்பு நடந்துபோச்சும்மா. அருண்ராஜு ஆர்டர இன்னிக்கே நிறுத்திடறேன். உம் பேருலயே போடச் சொல்றேன். நாலு ஷெட்டும் உன்னுது. அம்மன் கோவத்த மட்டும் தணிச்சு வுட்டுடு."

தமிழ்மாறன் கூட்டத்தில் நின்று என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லு என்று அவர் கண் சொன்னது. அதைவிட நல்ல யோசனை இல்லை என்று எனக்கும் தெரியும். நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவது. அதுகூட வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

என் பெயரில் ஆர்டர். இத்தனை வருஷமாக நான் ஏங்கின ஒன்று, இந்தா என்று கைக்கு வந்து நிற்கிறது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிந்தது. எட்டு வருஷம் சாம்பலைத் தின்று இந்தப் பெட்டியை ஓட்டியிருக்கிறேன். ஒரு மழை நாளில்கூட இது நின்றதில்லை. ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீதானா பார்த்துக்கொள்கிறாய், நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஓடினதும் அம்மன், நின்றதும் அம்மன். இதில் நான் எங்கே இருக்கிறேன்? அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பது என்னையா?

"அம்மன் கோவமெல்லாம் இல்லீங்க," என்றேன்.

"இன்னாம்மா?"

"விசிறில சாம்பல் அடைச்சிருக்கு. மாசா மாசம் தொறந்து தொடைக்கணும். நான் வராத நாள்லருந்து யாரும் தொடைக்கல. சூடாகி நின்னுடுச்சு. நான் தொடச்சேன், விசிறி மாத்தினேன், ஓடுது. இந்த வேலையத்தான் நான் இவ்ளோ நாளா செஞ்சுகினு இருந்தேன்."

கழற்றின விசிறியைக் காட்டினேன். ராமசாமி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுரண்டினார். கரி ஒட்டிக்கொண்டது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்க."

"சாம்பல்!"

அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். பெரிய மூச்சாக விட்டார். சிரித்தேவிட்டார். "கேட்டியா கஸ்தூரி? சாம்பலாம். இதுக்குப் போய் காலங்காத்தால... வா வா, கார்ல ஏறு." போனை எடுத்தார். "அருண்ராஜு, ஒண்ணும் இல்லப்பா, சாம்பல் அடைச்சிருக்கு, அவ்ளோதான். மாசத்துக்கு ஒரு தபா ஆள் வுட்டுத் தொடைக்கச் சொல்லு. ஆமா, ஆமா, நீயே பாரு."

கஸ்தூரியம்மாள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி பார்த்தார். பிறகு போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

ராமசாமி கார்க் கதவைத் திறந்தவர் திரும்பி என்னிடம் வந்தார். மனசு நிறைந்திருந்தது அவருக்கு.

"நல்லா வேலை பாக்கறம்மா நீ," என்றார். "அருண்ராஜுகிட்ட நான் சொல்றேன், உனக்குச் சம்பளம் ஏத்திக் குடுக்கச் சொல்லி."

நான் அருண்ராஜிடம் சம்பளத்துக்கு இருக்கிறவள் இல்லை, எனக்குத் தனியாகக் கடை இருக்கிறது, அன்றைக்கே சொன்னேனே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியும் இருப்பேன். ஆனால் இத்தனை வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தையை அவர் சொல்லிவிட்டிருந்தார். நல்லா வேலை பாக்கற. அது உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது, போகாமல் தடுக்க எனக்குத் தெரியவில்லை. அடுத்த வார்த்தை வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

வரிசை வேகமாக நகர்ந்தது. தமிழ்மாறன் கடைசியாக வந்து விரல் வைத்தார். மெஷின் எடுத்துக்கொண்டது.

"அம்மன் கோவம்னே வுட்டிருந்தா இன்னா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, போங்க," என்றேன். அவர் போனார். நான் பெட்டியின் மூடியை வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். கடைசி ஸ்க்ரூ மட்டும் இரண்டு தடவை கீழே விழுந்தது.